குட்டிப் பூனைக்கு ஈரத்தீனி எவ்வளவு, உலர்தீனி எவ்வளவு?

நீங்கள் கேட்டது இது: பத்து வாரக் குட்டி, எடை 1 கிலோவை ஒட்டி இருக்கிறது. பவுச்சைக் கிழிக்கும் சத்தம் கேட்டாலே ஓடிவந்து கிரேவியை நக்குகிறது. உலர்தீனியை மோந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. வீட்டில் ஒருவர் உலர்தீனிதான் பல்லுக்கு நல்லது என்கிறார், இன்னொருவர் அதைக் கொடுத்தால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்கிறார். பாதிக்குப் பாதி கொடுக்கலாமா? ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு? கூடவே, ஏற்கெனவே இருக்கும் நாலு வயதுப் பூனை குட்டியின் கிண்ணத்தைக் காலி செய்வதை எப்படித் தடுப்பது?

பாதிக்குப் பாதி கொடுக்கலாம். நான் வளர்த்த குட்டிகளுக்கும் அநேகமாக அப்படித்தான் தொடங்கியிருக்கிறேன். ஆனால் எதில் பாதி என்பதில்தான் முக்கால்வாசிப் பேர் சறுக்குகிறார்கள். கிண்ணத்தில் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று கண்ணளவில் போட்டால் அது பாதி ஆகாது. கலோரியில் பாதி பார்க்க வேண்டும்.

ஒரு கிச்சன் தராசை எடுத்து 20 கிராம் உலர்தீனியை நிறுத்துப் பாருங்கள். உள்ளங்கைக் குழிக்குள் அடங்கிவிடும். அதில் ஏறக்குறைய 80 கலோரி இருக்கிறது. அதே 80 கலோரியை ஈரத்தீனியில் கொடுக்க வேண்டுமென்றால் 100 கிராம் போல வேண்டும், அதாவது சாதாரண பவுச் ஒன்று முழுதாகவும் அதற்கு மேல் ஒரு கரண்டியும். காரணம் தண்ணீர்தான். ஈரத்தீனியில் நூற்றுக்கு 75 முதல் 82 பங்கு தண்ணீர். உலர்தீனியில் 10 பங்குகூட இருக்காது. அதனால் உலர்தீனி 100 கிராமுக்கு 350 முதல் 450 கலோரி வரை போகும், ஈரத்தீனி பெரும்பாலும் 70 முதல் 120க்குள் நின்றுவிடும். இரண்டையும் சம எடையில் கலந்து வைத்தால் குட்டிக்குக் கிடைக்கும் சக்தியில் ஆறில் ஐந்து பங்கு உலர்தீனியிலிருந்து வரும். "நான் பாதி பவுச்தான் கொடுக்கிறேன், ஆனாலும் குண்டாகிறதே" என்று புலம்புகிறவர்களின் கணக்கு இங்கேதான் இடிக்கிறது.

சரி, உங்கள் குட்டிக்கு வருவோம். இந்த வயதில் 1 கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 175 முதல் 200 கலோரி வரை வேண்டும். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று 200 என்றே வைத்துக்கொள்கிறேன். அதில் 100 கலோரி ஈரத்தீனி என்றால், 100 கிராமுக்கு 80 கலோரி உள்ள பவுச்சில் 125 கிராம். மீதி 100 கலோரி உலர்தீனி என்றால், 100 கிராமுக்கு 400 கலோரி உள்ளதில் 25 கிராம். அவ்வளவுதான். 125-க்கு 25. பார்க்கும்போது ஏதோ பாரபட்சம் மாதிரி தெரியும், ஆனால் அதுதான் பாதிக்குப் பாதி.

எடை இரட்டிப்பானால் தேவையும் இரட்டிப்பாகும் என்று நினைத்துவிடாதீர்கள். நாலு, நாலரை மாதத்தில் 2 கிலோ ஆகும்போது 250 முதல் 300 கலோரி போதும். ஆறு, ஏழு மாதத்தில் 3 கிலோ ஆனாலும் 300-ஐ ஒட்டித்தான் நிற்கும். வளரும் வேகம் குறையக் குறைய ஒரு கிலோவுக்கான தேவையும் இறங்கிக்கொண்டே வரும்.

பவுச்சின் பின்புறத்தில் கிலோ கலோரி என்று அச்சிட்டிருப்பார்கள். பேச்சில் நாம் கலோரி என்பது அதைத்தான். சில உறைகளில் அது இருக்காது, புரதம், கொழுப்பு, நார், சாம்பல், ஈரப்பதம் என்ற சதவீதங்கள் மட்டும் இருக்கும். அப்போதும் வழி உண்டு. 100-லிருந்து அந்த ஐந்தையும் கழித்தால் மிஞ்சுவது மாவுச்சத்து. புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5-ஆலும் கொழுப்பை 8.5-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். உதாரணமாக புரதம் 10, கொழுப்பு 5, நார் 0.5, சாம்பல் 2, ஈரப்பதம் 80 என்றால் மாவுச்சத்து 2.5. கூட்டினால் 100 கிராமுக்கு 86 கலோரி வரும். நூல் பிடித்தாற்போல் இருக்காது, ஆனால் குட்டிக்கு அளந்து வைக்க இது தாராளம்.

உறையைக் கையில் எடுத்ததும் கலோரிக்கு முன்னால் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அது முழுமையான உணவா, துணை உணவா? இதில் நானே ஏமாந்திருக்கிறேன். பல வருடம் முன்பு தாயில்லாத ஒரு குட்டிக்கு மீன் துண்டுகள் மிதக்கும் பவுச் ஒன்றைத் தொடர்ந்து கொடுத்துவந்தேன். கிண்ணத்தைப் பளபளவென்று நக்கிவிடும், எனக்குப் பரம திருப்தி. ஆனால் இரண்டு வாரமாக எடை ஏறவே இல்லை. பொடி எழுத்தில் பின்னால் என்ன போட்டிருக்கிறது என்று அப்புறம்தான் படித்தேன்: துணை உணவு, முழுமையான தீனியுடன் சேர்த்துக் கொடுக்கவும். முன்புறத்தில் குட்டிப் பூனை படம் இருப்பதற்கும் உள்ளே இருப்பது குட்டிக்குப் போதுமான உணவு என்பதற்கும் சம்பந்தமே இல்லை. "வளரும் பருவத்துக்கு முழுமையான உணவு" அல்லது "எல்லா வயதுக்கும் முழுமையான உணவு" என்ற பொருளில் ஒரு வரி இருக்க வேண்டும். வளர்ந்த பூனைக்கு மட்டும் என்று இருந்தால் குட்டிக்கு ஆகாது. அமெரிக்காவில் தீனித் தரத்தை வகுக்கும் ஆஃப்கோ அமைப்பின் அளவுப்படி, தண்ணீரைக் கழித்த கணக்கில் வளர்ந்த பூனைக்குக் குறைந்தது 26 சதவீதப் புரதம் என்றால் குட்டிக்கு 30.

முழுமை என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு கதையும் உண்டு. 1980களில் கடைத் தீனி மட்டுமே தின்று வளர்ந்த பூனைகள் பல, இதயத் தசை தளர்ந்து இறந்தன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பால் பியோன் என்ற கால்நடை மருத்துவரும் கூட இருந்தவர்களும் 1987-ல் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். டாரின் என்ற சத்து போதவில்லை. பூனையின் உடல் அதைத் தேவையான அளவு தானாகத் தயாரித்துக்கொள்ளாது, இறைச்சியிலிருந்துதான் வர வேண்டும். குறைந்தால் கண்ணின் விழித்திரையும் கெடும். அதற்குப் பிறகுதான் தீனிகளில் டாரினைக் கூட்டினார்கள். இன்றைக்கு "முழுமை" என்று போட்ட தீனி ஈரமோ உலர்வோ, டாரினைப் பற்றி நீங்கள் தனியாகக் கவலைப்பட வேண்டியதில்லை. துணை உணவிலும் வெறும் இறைச்சியிலும்தான் கவலை.

இன்னொரு மயக்கம்: பவுச்சில் புரதம் 10 சதவீதம், உலர்தீனியில் 34 சதவீதம் என்று பார்த்ததும் உலர்தீனிதான் சத்தானது என்று தோன்றும். தண்ணீரைக் கழித்துப் பாருங்கள். பவுச்சில் 80 பங்கு தண்ணீர் போக மிஞ்சும் 20-ல் 10 புரதம், அதாவது பாதி. உலர்தீனியில் 92-ல் 34, அதாவது 37 சதவீதம்தான்.

இனி அந்த வீட்டுச் சண்டை. சிறுநீரகக் கட்சி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. இரையின் உடம்பில் இருக்கும் ஈரத்தையே நம்பி வாழ்ந்த பிராணி, தாகம் எடுத்துத் தண்ணீரைத் தேடிப் போவதில் சோம்பேறி. உங்கள் குட்டிக்கு 200 கலோரியையும் உலர்தீனியில் கொடுத்தால் 50 கிராம், அதில் உள்ள தண்ணீர் 4 மில்லி, ஒரு சின்ன ஸ்பூன்கூட நிரம்பாது. முழுக்க ஈரத்தீனி என்றால் 250 கிராம், தண்ணீர் 200 மில்லி. நான் சொன்ன பாதிக் கணக்கில் 100 மில்லி சாப்பாட்டோடே போய்விடுகிறது. உலர்தீனி தின்னும் பூனை அதிகம் குடிக்கும் என்பது சரிதான். ஆனால் விட்டுப்போன முழு அளவையும் அது குடித்து ஈடுகட்டுவதில்லை. சிறுநீர் நீர்த்து இருப்பது சிறுநீர்ப்பைக்கும் கல் பிரச்சினைக்கும் நல்லது. அதற்காக, ஆரோக்கியமான குட்டிக்கு உலர்தீனி கொடுத்தால் சிறுநீரகம் போய்விடும் என்பது நிரூபணமான விஷயம் இல்லை. பயமுறுத்தல் வேண்டாம்.

பல் கட்சி சொல்வதை நான் ஏற்பதில்லை. உங்கள் குட்டி உலர்தீனி தின்னத் தொடங்கியதும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு துண்டை எடுக்கும், ஒரு கடி, சில சமயம் அதுவும் இல்லை, அப்படியே விழுங்கும். வேகமாகத் தின்றுவிட்டு வாந்தி எடுத்தால் துண்டுகள் உருக்குலையாமல் வெளியே வருவதைப் பார்க்கலாம். கடிக்காத தீனி பல்லைத் தேய்க்குமா? பல்லுக்கென்றே பெரிய துண்டுகளாகச் செய்த உலர்தீனிகள் உண்டு, அவை வேறு. சாதாரணத் தீனியைப் பல்குச்சியாக நினைக்க வேண்டாம், பிரஷ் பழக்குங்கள். இன்னொன்று, மூன்றரை மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் 26 பால் பற்களும் விழுந்து 30 பற்கள் முளைக்கும். ஈறு சிவந்து, உலர்தீனியை வாயில் எடுத்துக் கீழே போடும் நாட்கள் வரும். அந்த நாட்களில் ஈரத்தீனியின் பங்கைக் கூட்டிவிடுங்கள். பிடிவாதம் என்று பட்டினி போடுகிறவர்களும் இருக்கிறார்கள், பாவம் அந்தக் குட்டிகள்.

அப்படியானால் முழுக்க ஈரத்தீனியே கொடுத்துவிடலாமே? கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் அந்த 250 கிராமை நினைத்துப் பாருங்கள், குட்டியின் எடையில் கால் பங்கு. அதன் வயிறு ஒரு அக்ரூட் கொட்டை அளவுதான் என்பார்கள். ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொடுக்க வீட்டில் ஆள் இருந்தால் சரி. இல்லையென்றால், சின்ன இடத்தில் நிறையச் சக்தியை அடைத்து வைத்திருக்கும் உலர்தீனி கைகொடுக்கும். நீங்கள் வெளியே போயிருக்கும் நேரத்தில் கிண்ணத்தில் கெடாமல் கிடப்பதும் அதுதான். உலர்தீனி மட்டும் என்று முடிவு செய்தவர்களையும் நான் திட்ட மாட்டேன். தீனி முழுமையானதாக இருந்தால் குட்டி வளரும், தண்ணீர்க் கிண்ணங்களை மட்டும் இரண்டு மூன்று இடங்களில், சாப்பாட்டுக் கிண்ணத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டும்.

ஆனாலும் இரண்டையும் பழக்குங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் வேறு. எது சாப்பாடு, எது சாப்பாடு இல்லை என்று பூனை முடிவு செய்வது முதல் ஆறு மாதத்துக்குள். கூழ், துண்டு, கிரேவி, மொறுமொறு என்று எல்லாவற்றையும் நாக்கு பார்த்திருந்தால் பிற்காலத்தில் நோய் வந்து மருத்துவர் தீனியை மாற்றச் சொல்லும்போது அது மல்லுக்கு நிற்காது. உலர்தீனி மட்டுமே தின்று வளர்ந்த பத்து வயதுப் பூனையைச் சிறுநீர் அடைப்புக்குப் பிறகு ஈரத்தீனிக்கு மாற்ற முயன்றவர்களைக் கேட்டுப் பாருங்கள். மனிதர்கள் அழுதுவிடுவார்கள்.

உங்கள் குட்டி உலர்தீனியை மதிக்காததற்கு எளிய வைத்தியம் இருக்கிறது. ஒரு ஸ்பூன் உலர்தீனியில் அது மூழ்கும் அளவு வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிடுங்கள். உப்பிப் பஞ்சு மாதிரி ஆகிவிடும். அதைப் பவுச்சோடு சேர்த்து முள்கரண்டியால் மசியுங்கள். மசிப்பது முக்கியம், இல்லாவிட்டால் கிரேவியை மட்டும் நக்கிவிட்டு மற்றதை விட்டுவிடும், இப்போதும் அதைத்தான் செய்துகொண்டிருக்கும். இரண்டு நாளுக்கு ஒரு முறை தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஒரு வாரம், பத்து நாளில் மொறுமொறுப்பாகவே தின்னும். எந்தத் தீனி மாற்றத்துக்கும் இதே 7 முதல் 10 நாள் கணக்குதான். அவசரப்பட்டால் மலம் இளகிவிடும்.

ஈரத்தீனியைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே வைக்காதீர்கள். பூனை மூக்கால்தான் முதலில் சாப்பிடுகிறது. ஜில்லென்று இருந்தால் வாசனை கிளம்பாது. கிண்ணத்தை வெந்நீரில் சில நிமிடம் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். மைக்ரோவேவ் என்றால் நன்றாகக் கிளறி விரலால் தொட்டுப் பாருங்கள், நடுவில் கொதிக்கும் இடம் ஒளிந்திருக்கும்.

வேளை பிரிப்பதில் நான் செய்வது: 125 கிராம் ஈரத்தீனியை மூன்றாகப் பிரித்துக் காலை, மாலை, படுக்கும் முன். 25 கிராம் உலர்தீனியைக் காலையிலேயே நிறுத்து ஒரு டப்பாவில் போட்டுவிடுவேன். அன்றைய பகலுக்கு அந்த டப்பாதான், யார் போட்டாலும் அதிலிருந்துதான். வீட்டில் நாலு பேர் இருந்தால் நாலு பேரும் "பாவம், பசிக்குது" என்று ஒரு பிடி போடுவார்கள், அதற்குத்தான் டப்பா. மூன்று மாதம் வரை நாலு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, அப்புறம் இரண்டோ மூன்றோ. ஈரத்தீனி கிண்ணத்தில் ஒன்று, இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது, வெயில் காலத்தில் அதற்கும் முன்பே எடுத்துவிடுங்கள். ஊறவைத்த உலர்தீனிக்கும் இதே சட்டம், ஈரம் பட்டதும் அது உலர்தீனி இல்லை. பிரித்த டின்னை மூடிக் குளிரில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள்.

கணக்கெல்லாம் தொடக்கத்துக்குத்தான். அடுத்த வாரம் எவ்வளவு என்று சொல்லப்போவது தராசு. ஆழமான ஒரு கிண்ணத்தைத் தராசில் வைத்து முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, உள்ளே இரண்டு துண்டு தீனியைப் போட்டுக் குட்டியை இறக்குங்கள். அது குனிந்து தின்னும் மூன்று வினாடியில் எண்ணைப் படித்துவிடலாம். வாரம் ஒரு நாள், சாப்பாட்டுக்கு முன், அதே நேரத்தில். நாலைந்து மாதம் வரை வாரத்துக்கு 100 கிராம் போல ஏற வேண்டும். ஒரு வாரம் நின்றால் பதற வேண்டாம், இரண்டு வாரம் நின்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். விலாவையும் தடவிப் பாருங்கள். முஷ்டி மடக்கினால் விரல் முட்டிகள் எப்படித் துருத்துகின்றனவோ அப்படி இருந்தால் இளைப்பு. கையை விரித்துப் புறங்கையைத் தடவினால் எலும்பு எப்படித் தெரிகிறதோ அதுதான் சரியான பதம். வயிறு மட்டும் எப்போதும் பானையாக, முதுகெலும்பு துருத்திக்கொண்டு இருந்தால் தீனியைக் கூட்டாதீர்கள், குடற்புழுவுக்குப் பாருங்கள்.

வேகவைத்த கோழி கொடுக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். ஒரு நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்கு வரை, உங்கள் குட்டிக்கு 10, 12 கிராம். உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேராமல். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வெறும் இறைச்சியையே உணவாக்கினால் பாஸ்பரஸ் மலைபோல் ஏறும், சுண்ணாம்புச் சத்து இருக்காது, உடல் எலும்பிலிருந்து சுண்ணாம்பை உருவும், குட்டி குதித்தாலே கால் முறியும். பசும்பாலும் வேண்டாம், தாய்ப்பால் மறந்த குட்டிக்கு அது பெரும்பாலும் பேதியில்தான் முடியும்.

கருத்தடை அறுவைக்குப் பிறகு மட்டும் விகிதத்தை மாற்றுங்கள். தேவை நாலில் ஒரு பங்கு போலக் குறையும், பசியோ கூடும். குறைப்பதை உலர்தீனியில் குறையுங்கள். ஈரத்தீனி அளவு அப்படியே இருந்தால் வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், கத்தாது. குட்டித் தீனியிலிருந்து பெரிய பூனைத் தீனிக்கு 12 மாதத்தில் மாறலாம், மெயின் கூன் போன்ற பெரிய இனங்களுக்கு இன்னும் ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும்.

இந்த வயதில் அரை நாள் எதையும் தொடாமல் சுருண்டு படுத்திருந்தால் தீனியை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். சின்னக் குட்டிக்கு ரத்தச் சர்க்கரை வேகமாக இறங்கிவிடும்.

கடைசியாக அந்த நாலு வயதுத் திருடன். குட்டித் தீனி அதற்கு விஷமில்லை, சதை போடும், அவ்வளவுதான். அதற்கென மருத்துவர் எழுதிக்கொடுத்த சிறுநீரகத் தீனி ஏதாவது இருந்தால் அதைக் குட்டி தின்னாமல் பார்ப்பதுதான் முக்கியம். ஒரு அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து, குட்டி நுழையும் அளவுக்கு மட்டும் ஓட்டை வெட்டி, கிண்ணத்தை உள்ளே பின்சுவரை ஒட்டி வையுங்கள். பெரியது தலையை விட்டுப் பார்க்கும், ஒரு கையை நீட்டித் துழாவும். கை எட்டாத ஆழமுள்ள பெட்டியாக எடுங்கள். குட்டி வளர வளர ஓட்டையையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்க வேண்டியிருக்கும், அதற்குள் பெரியதற்கும் சலித்துவிடும்.